என்ஜின் எங்கே உட்கார்ந்திருக்கிறது? போர்ஷே 911, போர்ஷே 944: இரண்டு கூபேக்களை வைத்து பின்சக்கர இயக்கத்தைப் புரிந்துகொள்ளலாம்

1980-களில் ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் இரண்டு ஸ்போர்ட்ஸ் கூபேக்களை ஒரே சமயத்தில் விற்றுக்கொண்டிருந்தது. ஒன்று 911, இன்னொன்று 944. இரண்டுக்கும் இரண்டு கதவுகள். இரண்டிலும் பின் இருக்கை என்ற பெயரில் குழந்தைகள் மட்டுமே உட்காரக்கூடிய இடம். இரண்டின் எடையும் சுமார் 1,200 கிலோ. இரண்டிலும் என்ஜினின் சக்தி பின்சக்கரங்களுக்குத்தான் போகிறது. ஆனால் 911-இல் என்ஜின் பின்சக்கர அச்சுக்கும் பின்னால், பம்பரை ஒட்டித் தொங்குகிறது. 944-இல் என்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். ஒரே நிறுவனத்தின் பொறியாளர்கள், ஒரே கேள்விக்கு, நேரெதிரான இரண்டு விடைகளை எழுதி இரண்டையும் சாலையில் விட்டார்கள். பின்சக்கர இயக்கம் என்றால் என்ன, ஒரு காரின் எடை எங்கே இருக்கிறது என்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

முதலில் அடிப்படை. ஒரு கார் சாலையைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வொரு டயரும் தரையில் பதியும் பரப்பு நம் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். வேகமெடுப்பது, நிறுத்துவது, திருப்புவது எல்லாமே அந்த நான்கு துண்டு ரப்பரின் பிடிப்பில் நடக்கிறது. அந்தப் பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு டயர் தன் பிடிப்பு முழுவதையும் திருப்பத்துக்குச் செலவழித்துக்கொண்டிருந்தால், முடுக்கத்துக்கோ பிரேக்குக்கோ கொடுக்க அதனிடம் மிச்சம் எதுவும் இருக்காது.

மாருதி 800 காலம்தொட்டு நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. அவற்றில் முன் டயர்களே காரை இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். பழைய அம்பாஸடர் போன்ற பின்சக்கர இயக்கக் காரில் இந்த வேலை பிரிந்துவிடுகிறது. முன் டயர்கள் திருப்பும், பின் டயர்கள் தள்ளும். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது காரின் சுமை பின்பக்கம் சாய்கிறது. மூக்கு லேசாகத் தூக்க, வால் லேசாக அமுங்கும். சுமை ஏறும் டயருக்குப் பிடிப்பும் கூடும். ஆக, காரைத் தள்ள வேண்டிய சக்கரங்களுக்கே, அவை தள்ளும் நேரத்தில் கூடுதல் பிடிப்பு கிடைக்கிறது. சக்திவாய்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் பின்சக்கர இயக்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே முதல் காரணம்.

இங்கே இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது. வளைவில் முன் டயர்களின் பிடிப்பு முதலில் தீர்ந்தால், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும். இது அண்டர்ஸ்டியர். பின் டயர்களின் பிடிப்பு முதலில் தீர்ந்தால் காரின் வால் வெளிப்பக்கம் விலகிச் சுழலப் பார்க்கும். இது ஓவர்ஸ்டியர். முதலாவது பயமுறுத்தும், ஆனால் வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவதைச் சமாளிக்கக் கை பழகியிருக்க வேண்டும்.

911 முதன்முதலில் மக்கள் பார்வைக்கு வந்தது 1963 செப்டம்பரில், ஃபிராங்ஃபர்ட் கார் கண்காட்சியில். அப்போது அதன் பெயர் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்கப் பெயர்கள் தங்களுக்கு உரியவை என்று பிரான்ஸின் பெஜோ நிறுவனம் சொன்னதால் 911 ஆனது. உருவத்தை வரைந்தவர் நிறுவனரின் பேரன் ஃபெர்டினாண்ட் அலெக்சாண்டர் போர்ஷே. என்ஜின் ஆறு சிலிண்டர், 2 லிட்டர், 130 குதிரைசக்தி. சிலிண்டர்கள் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று படுக்கையாக இருக்கும். தண்ணீருக்குப் பதிலாகக் காற்றும் எண்ணெயும் அதைக் குளிர்விக்கும். ரேடியேட்டர் வேண்டாம், முன்னாலிருந்து பின்னால் நீளும் உந்துதண்டு வேண்டாம். என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டியாகப் பின்னால் போய்விடுவதால் உள்ளே இடமும் மிச்சம். போர்ஷேயின் முதல் காரான 356-உம், அதற்கு மூலமான ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும் இப்படித்தான் இருந்தன. 911 அந்தக் குடும்ப வழக்கத்தைத் தொடர்ந்தது.

அதன் விளைவை எண்களில் பார்க்கலாம். 911-இன் எடையில் ஏறக்குறைய 39 சதவீதம் முன்சக்கரங்கள் மேல், 61 சதவீதம் பின்சக்கரங்கள் மேல். 1,200 கிலோ காரில் முன்னால் 470 கிலோ, பின்னால் 730 கிலோ. 944-இல் ஏறக்குறைய பாதிக்குப் பாதி, 600-உம் 600-உம்.

இப்போது இரண்டு கார்களையும் ஒரே வேகத்தில் ஓட்டிவந்து ஒரே அழுத்தத்தில் பிரேக் பிடிப்போம். காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு, புவியீர்ப்பின் பத்தில் எட்டுப் பங்கு அளவுக்கு வேகம் குறைகிறது என்றால், ஏறக்குறைய 200 கிலோ சுமை பின்னாலிருந்து முன்னால் நகரும். 911-இல் இப்போது முன்னால் 670, பின்னால் 530. 944-இல் முன்னால் 800, பின்னால் 400. எந்தக் காரில் நான்கு டயர்களும் பிரேக் வேலையைச் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன? காகிதத்தில் ஒரு பக்கம் சாய்ந்திருந்த 911-இல்தான். பின்பக்கம் கனம் கூடிய கார் அபாரமாக பிரேக் பிடிக்கும் என்பதைப் பலர் எதிர்பார்க்க மாட்டார்கள்.

வளைவை விட்டு வெளியே வரும்போதும் 911-க்கே லாபம். முழு ஆக்சிலரேட்டரில் இன்னொரு 100 கிலோ பின்னால் சாய்கிறது என்றால், 911-இன் பின்சக்கரங்கள் மேல் 830 கிலோ, 944-இன் பின்சக்கரங்கள் மேல் 700 கிலோ. ஈரச் சாலையில் மற்ற கார்களின் பின் டயர்கள் வெறுமனே சுழலும் இடத்தில் 911 தரையைப் பிடித்துக்கொண்டு பாயும். மான்டி கார்லோ போன்ற குளிர்கால ராலிகளில், பனிபடிந்த மலைச்சாலைகளில், 911 வெற்றிமேல் வெற்றி பெற்றதற்கு இது பெரிய காரணம்.

அப்படியானால் சிக்கல் எங்கே? பிரேக் பிடிக்கும் இடத்துக்கும் வேகமெடுக்கும் இடத்துக்கும் நடுவில், வளைவின் வயிற்றில்.

வளைவில் ஒவ்வோர் அச்சும் தன்மேல் உள்ள எடையைத் தானே பக்கவாட்டில் தாங்கிப் பிடிக்க வேண்டும். 911-இன் பின் டயர்கள் 730 கிலோவைப் பிடிக்க வேண்டும், முன் டயர்கள் 470 கிலோவைப் பிடித்தால் போதும். சுமை கூடினால் பிடிப்பும் கூடும் என்று மேலே சொன்னேன். அதில் ஒரு நிபந்தனை உண்டு: சுமை இரட்டிப்பானால் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை, அதைவிடக் குறைவாகவே கூடுகிறது. ஆகவே கனமான பின்பக்கம் இயல்பிலேயே முதலில் தளர்ந்துபோகும். இதைத் தடுக்கத்தான் 911-இல் பின் டயர்கள் அகலமானவை. 1984 மாடலாக வந்த 911 கரேரா 3.2-ஐ எடுத்துக்கொண்டால் முன்னால் 185 மி.மீ., பின்னால் 215 மி.மீ. 944-இன் சாதாரண மாடலில் நான்கு டயர்களும் ஒரே அளவுதான்.

இதோடு பொறியாளர்கள் இன்னொன்றும் செய்தார்கள். புதிதாக ஓட்டுபவர் வளைவுக்குள் வேகமாக நுழைந்தால் முதலில் முன்பக்கம் வழுக்கும்படி, அதாவது அண்டர்ஸ்டியர் வரும்படி, சக்கரங்களைக் காரோடு இணைக்கும் சஸ்பென்ஷனை அமைத்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அனுபவமில்லாதவர் அந்த இடத்தில் என்ன செய்வார்? கார் திரும்ப மறுக்கிறது, சாலையின் ஓரம் நெருங்குகிறது. பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். எடுத்த அந்த நொடியில் சுமை முன்னால் சாய்கிறது. முன் டயர்கள் சட்டென்று தரையைக் கவ்வுகின்றன. பின் டயர்கள் இலேசாகின்றன, ஆனால் அவை தாங்க வேண்டிய என்ஜின் அதே கனத்தோடு வெளிப்பக்கம் போகத் துடிக்கிறது. வால் சுழல்கிறது. அது ஒருமுறை நகரத் தொடங்கிவிட்டால் அவ்வளவு கனத்தைத் திரும்ப அழைப்பது கடினம். இதற்குக் காலை எடுத்ததால் வரும் ஓவர்ஸ்டியர் என்று பெயர். 911-ஐப் பற்றிச் சொல்லப்படும் பயங்கரக் கதைகளில் முக்கால்வாசி இந்த ஒரு நொடியில் நடப்பவைதான்.

பின் சஸ்பென்ஷனும் இதைக் கொஞ்சம் மோசமாக்கியது. காலை எடுத்ததும் அதன் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்கள் நெகிழ்ந்து, பின்சக்கரங்கள் ஒரு சிறு கோணம் வெளிப்பக்கம் திரும்பும். அந்தச் சிறு கோணமே வாலை வெளியே தள்ளப் போதுமானது. போர்ஷே இதை நன்றாக அறிந்திருந்தது. 1977-இல் வந்த தன் இன்னொரு காரான, முன்னால் என்ஜின் வைத்த 928-இல் இந்தக் கோணத்தை உள்பக்கம் திருப்பும்படி ஒரு பின் அச்சையே வடிவமைத்து, தன் ஆய்வு மையம் இருக்கும் வைசாக் ஊரின் பெயரை அதற்கு வைத்தது.

911-இன் வாலை அடக்க அந்த நிறுவனம் கால் நூற்றாண்டு செய்த முயற்சிகளைப் படிக்கும்போது எனக்கு மரியாதைதான் வருகிறது. 1960-களின் கார்கள் சிலவற்றில் முன் பம்பரின் இரண்டு ஓரத்திலும் 11 கிலோ இரும்புக் கட்டியைச் செருகினார்கள். பிறகு 1969 மாடலில் இன்னும் நேர்மையான ஒரு தீர்வு வந்தது. முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரத்தை 2,211 மி.மீ.-இலிருந்து 2,268 மி.மீ. ஆக்கினார்கள். என்ஜின் இருந்த இடத்திலேயே இருந்தது. பின்சக்கரங்களை மட்டும் 57 மி.மீ. பின்னால் நகர்த்தி அதன் அடிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பேட்டரிக்குப் பதில் இரண்டு சிறு பேட்டரிகளை மூக்கின் இரண்டு மூலைகளிலும் வைத்தார்கள். 1972 அக்டோபரில் பாரிஸில் காட்டப்பட்ட கரேரா ஆர்எஸ் 2.7-இன் பின் மூடியில் வாத்துவால் போல ஒரு நிமிர்ந்த விளிம்பு இருந்தது. அதிவேகத்தில் காற்று வாலைத் தூக்கிவிடாமல் இருக்க அது உதவியது.

இதற்கு நேர்மாறாக 1974-இல் வந்த 911 டர்போ பழைய சிக்கலைப் பெரிதாக்கியது. 260 குதிரைசக்தி, ஆனால் என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ விழித்துக்கொள்ளச் சற்று நேரம் பிடிக்கும். வளைவின் நடுவில் ஓட்டுநர் மிதித்த சக்தி, அவர் எதிர்பாராத நேரத்தில் மொத்தமாக வந்து சேரும். பயந்து காலை எடுத்தால் என்னாகும் என்பது மேலே சொன்னதுதான். விதவைகளை உருவாக்கும் கார் என்று அதற்குப் பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

சின்னதாக இன்னொரு விஷயம். 911-இன் பெட்ரோல் டேங்க் முன்னால் இருக்கிறது. கரேரா 3.2-இல் 80 லிட்டருக்கு மேல் பிடிக்கும். டேங்க் காலியாகக் காலியாக, ஏற்கெனவே இலேசான மூக்கு ஏறக்குறைய 60 கிலோ வரை மேலும் இலேசாகிறது.

944-இன் கதை எதிர்த்திசையிலிருந்து வருகிறது. 1970-களின் தொடக்கத்தில் ஃபோக்ஸ்வேகனுக்காக ஒரு ஸ்போர்ட்ஸ் கூபேயை வடிவமைக்கும் வேலையை போர்ஷே எடுத்துச் செய்தது. எண்ணெய் நெருக்கடி வந்தது, ஃபோக்ஸ்வேகன் பின்வாங்கியது, போர்ஷே அந்த வடிவமைப்பைத் தானே வாங்கிக்கொண்டது. அதுதான் 924. நெக்கர்சுல்ம் ஊரில் இருந்த ஆலையில், ஆடி வழியில் வந்த 2 லிட்டர் என்ஜினோடு தயாரானது. போர்ஷே ரசிகர்கள் பலர் அதை முழு மனதாக ஏற்கவில்லை. 1981-இல் அதே அடித்தளத்தில் அகன்ற உடலும் போர்ஷேயே உருவாக்கிய புதிய என்ஜினுமாக 944 வந்தது.

அந்த என்ஜின் நான்கு சிலிண்டர், 2.5 லிட்டர், 163 குதிரைசக்தி. 928-இன் எட்டு சிலிண்டர் என்ஜினில் ஒரு பாதி என்று தோராயமாகச் சொல்லலாம். இவ்வளவு பெரிய நான்கு சிலிண்டர் என்ஜின்கள் இயல்பாகவே கடுமையாக அதிரும். அதை அடக்க, என்ஜினின் வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுழலும் இரண்டு சமநிலைத் தண்டுகளை வைத்தார்கள். அந்த அமைப்புக்கான காப்புரிமை மிட்சுபிஷியிடம் இருந்ததால் உரிமம் பெற்றே பயன்படுத்தினார்கள். ஓர் ஐரோப்பிய நிறுவனம் பெருமை பார்க்காமல் ஜப்பானியரின் நல்ல தீர்வை எடுத்துக்கொண்டது எனக்குப் பிடித்த விஷயம்.

ஆனால் 944-இன் உண்மையான சிறப்பு என்ஜின் அல்ல, கியர்பாக்ஸ் இருக்கும் இடம். சாதாரணப் பின்சக்கர இயக்கக் காரில் என்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றும் முன்னால் ஒன்றாக இருக்கும். அங்கிருந்து ஒரு தண்டு பின்சக்கரங்களுக்குப் போகும். 944-இல் கிளட்ச் என்ஜினோடு முன்னால் நிற்க, கியர்பாக்ஸ் மட்டும் பின்சக்கர அச்சுக்குப் போய், சக்தியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலோடு ஒரே கூடாகச் சேர்ந்துவிடுகிறது. இதற்கு டிரான்ஸ்ஆக்சில் என்று பெயர். என்ஜினையும் அதையும் ஒரு கெட்டியான இரும்புக்குழாய் இணைக்கிறது. குழாய்க்குள் மெல்லிய தண்டு ஒன்று என்ஜின் வேகத்திலேயே சுழல்கிறது. எடை இரண்டு முனைக்கும் பிரிந்து பாதிக்குப் பாதி வருவது இதனால்தான்.

பாதிக்குப் பாதி என்பது மட்டுமே மந்திரம் இல்லை. இருக்கைக்குப் பின்னால், காரின் நடுப்பகுதியில் என்ஜினை வைக்கும் கார்களும் உண்டு. அவை நொடியில் திரும்பும், ஆனால் எல்லையைத் தாண்டினால் நொடியில் சுழன்றும்விடும். 944-இல் கனம் நடுவில் இல்லை, இரண்டு முனைகளிலும் இருக்கிறது. தோளில் காவடித் தண்டை வைத்து இரண்டு முனையிலும் நிறைகுடம் தொங்கவிட்டவர் திரும்பும்போது பாருங்கள்: திரும்பத் தொடங்கவே கொஞ்சம் முயற்சி வேண்டும், ஆனால் திடீரென்று தடுமாறித் திசைமாறவும் மாட்டார். 944-உம் அப்படித்தான் நடந்துகொள்ளும். பிடிப்பு தீரப்போகிறது என்பதை முன்கூட்டியே, நிதானமாகச் சொல்லும். பின்பக்கம் வழுக்கினாலும் மெதுவாக வழுக்கும். ஸ்டீயரிங்கைச் சரிசெய்ய ஓட்டுநருக்கு நேரம் கொடுக்கும். வளைவின் நடுவில் காலை எடுத்தால்கூட மூக்கு கொஞ்சம் உள்ளே வரும், அவ்வளவே.

ஆகவே இரண்டு கார்களையும் ஓட்டும் முறையே வேறு. 911-இல் பிரேக்கை முழுவதும் நேர்ச்சாலையிலேயே முடித்துவிட வேண்டும். மெதுவாக உள்ளே நுழைந்து, மூக்கு திரும்பியதும் ஆக்சிலரேட்டரைச் சீராக மிதிக்கத் தொடங்க வேண்டும். மிதித்தபிறகு மனம் மாறக் கூடாது. இதைச் சரியாகச் செய்பவருக்கு அந்தக் கார் தரும் பாய்ச்சல் வேறெதிலும் கிடைக்காது. 944-இல் வேகத்தை வளைவு முழுக்கச் சுமந்து போகலாம். நடுவில் திருத்திக்கொள்ளலாம். பின்சக்கர இயக்கம் எப்படி வேலைசெய்கிறது என்று கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் என் தேர்வு தயக்கமில்லாமல் 944. அதை ஏழையின் போர்ஷே என்று அழைப்பது அநியாயம். ஓட்டத்தின் சமநிலையில் அன்றைய 911-ஐவிட அது முதிர்ந்த கார். 1985-இல் வந்த 944 டர்போவின் 220 குதிரைசக்தி, கரேரா 3.2-இன் 231-ஐ நெருங்கியது. 1988-இன் டர்போ எஸ் 250-ஐத் தொட்டு அதை முந்தியது. மொத்தத்தில் 1,60,000-க்கும் மேற்பட்ட 944 கார்கள் தயாராகின.

ஆனாலும் நின்றது 911. உண்மையில் போர்ஷே நிர்வாகமே அதை நிறுத்தத்தான் நினைத்திருந்தது. அன்றைய தலைவர் எர்ன்ஸ்ட் ஃபூர்மன், 911-இன் இடத்துக்கு 928 வரும் என்று நம்பினார். 1981-இல் பீட்டர் ஷுட்ஸ் தலைவரானார். பொறியியல் தலைவர் ஹெல்முத் பாட்டின் அறையில் தொங்கிய வரைபடத்தில் 928, 944 கோடுகள் வருங்காலத்துக்கு நீள, 911-இன் கோடு மட்டும் 1981-ஓடு முடிந்திருப்பதைப் பார்த்தார். பேனாவை எடுத்து அந்தக் கோட்டை வரைபடத்தைத் தாண்டிச் சுவர்மேல் நீட்டிக்கொண்டே போனார் என்பது அவரே பலமுறை சொன்ன நிகழ்ச்சி. பொறியியல் காரணங்கள் அந்த முடிவை விளக்காது என்று நினைக்கிறேன். பின்னாலிருந்து எழும் அந்த என்ஜின் ஒலி, கையில் உயிரோடு துடிக்கும் இலேசான ஸ்டீயரிங், கவனம் சிதறினால் மன்னிக்காத குணம், இவற்றை வாங்கத்தான் மக்கள் வந்தார்கள்.

இன்று இவற்றில் ஒன்றை வாங்கவோ ஓட்டவோ வாய்ப்பவருக்குச் சில குறிப்புகள் போதும். 944-இல் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி என்ஜின் பாழாகும். பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்ற ரசீதைப் பார்க்காமல் சாவியைத் திருப்ப வேண்டாம். கிளட்ச் தேய்ந்திருந்தால் கியர்பாக்ஸையும் அந்த இணைப்புக் குழாயையும் கழற்றித்தான் கிளட்சைத் தொட முடியும், கூலி கனமாக வரும். பழைய 911-இல் என்ஜின் எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும். அதன் அளவை, என்ஜின் நன்றாகச் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். குளிர்ந்த என்ஜினில் பார்த்துவிட்டு அளவுக்கு மீறி ஊற்றிவிடுபவர்கள் அதிகம்.

1993-இல் வந்த 911-க்கு ஒவ்வொரு சக்கரத்தையும் பல கரங்கள் பிடித்திருக்கும் முற்றிலும் புதிய பின் சஸ்பென்ஷன் கொடுத்தார்கள். காலை எடுத்தால் வால் விலகும் பழைய குணம் அதோடு பெருமளவு அடங்கியது, என்ஜின் மட்டும் இடம் மாறவே இல்லை. 944-இன் வாரிசான 968 1995-இல் நின்றுபோனது. ஆனால் அதன் அமைப்பு நிற்கவில்லை. 1997-இல் அமெரிக்காவின் ஷெவர்லே கார்வெட், என்ஜினை முன்னாலேயே வைத்துக்கொண்டு கியர்பாக்ஸைப் பின் அச்சுக்கு அனுப்பி, இரண்டையும் ஒரு குழாயால் இணைத்துக்கொண்டது. அடுத்த இரண்டு தலைமுறைகளிலும் கார்வெட் அந்த அமைப்பை விடவில்லை.